இரண்டாம் ஓலைக்குப் பிறகு வாசித்த தாள்

சித்ரலேகா ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ராதாபுரம் தாலுகாவின் கடற்கரை ஊர்களில் அவளுக்கு 'வலிப்பு டீச்சர்' என்றுதான் பெயர். ஊர் யாரைக் கேட்டுப் பெயர் வைக்கிறது? பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் களப்பணியாளர். வலிப்பு உள்ளவர்களின் வீடுகளைத் தேடிப் போவது, மாத்திரை தடையில்லாமல் கிடைக்க வழி செய்வது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களைக் கூட்டி விழிப்புணர்வு முகாம் நடத்துவது, இவ்வளவுதான் வேலை. பதினாறு வருஷமாக இதையே செய்கிறாள். அப்பா தாணுமாலையன் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கலெக்டர் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள் என்று நினைத்திருந்தார். மகளோ வள்ளியூரில் பஸ் மாறி, மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போய்வருகிறாள். அவருக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

முகாம் நடத்துவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நாற்காலிகள், ஒரு மைக் செட், ஒரு டாக்டர், டீ, வடை. இதெல்லாம் ஒரு போனில் வந்துவிடும். ஆள்தான் வராது. பிளெக்ஸில் 'வலிப்பு' என்று போட்டால் அந்தப் பக்கம் ஒரு குடும்பமும் தலைவைத்துப் படுக்காது. போடாமல் விட்டால் சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்து முன் வரிசையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஊசி எப்போ என்று கேட்பார்கள். அதனால் அவள் வீடு வீடாக நடந்தாள். வெயிலில் நடந்து நடந்து கறுத்துப் போனதுதான் மிச்சம் என்று அம்மா புலம்புவாள்.

வில்சன் என்ற மீனவரின் வீட்டை அவள் கண்டுபிடித்தது ஒரு சாவியால். கதவில் பூட்டே இல்லாத வீடு, வெறும் கொண்டிதான். ஆனால் உள்ளே சுவரில் அரை அடி நீளத்தில் ஓர் இரும்புச் சாவி தொங்கியது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைத் திணிக்கிற வழக்கம் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். சித்ரலேகா சாவியைப் பார்த்தாள். வில்சனின் மனைவி ஃபிளோரா, இவள் சாவியைப் பார்ப்பதைப் பார்த்தாள். கடற்கரைக்காரி லேசில் வாய் திறப்பாளா? நான்கு மாதம் பிடித்தது.

மகன் ஜேக்கப்புக்குப் பத்தொன்பது வயது. ஒன்பதாம் வயதில் தொடங்கிய வலிப்பு. அவனை வள்ளத்தில் ஏற்றுவதில்லை. கேட்டவர்களிடம், அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊர் எப்படிச் சிரிக்கும்! சிரித்தது. பத்து வருஷமும் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, பையன் வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தினான். அக்காள் ஆன்லினுக்குக் கல்யாணம் ஆகும்வரை வெளியே தெரியக் கூடாது என்பது ஃபிளோராவின் கணக்கு. உள்ளூரில் மாத்திரை வாங்க மாட்டாள். வேறு ஊரில் நிறுவனம் மாத்திரை கொடுக்கும் இடத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கருவாட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். மாத்திரை தொடங்கி நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. சாவி சுவரிலேயே துருப்பிடித்தது.

ஆன்லினுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர், துறைமுகத்தில் வேலை. அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்பார்கள். முதல் ஓலை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

அந்த வாரச் சனிக்கிழமைதான் சித்ரலேகா அடுத்த முகாமுக்கான அறிவிப்பைக் கொண்டுபோய் கோயிலில் அறிவிப்புகள் வாசிக்கும் உபதேசியார் ஹென்றியிடம் கொடுத்தாள். கோயிலின் பங்கு மன்றத்தில் முகாம், தேதி, நேரம், பொதுவான நாலு வரி. ஆனால் அவளுடைய அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு: ஒரு பக்கம் அச்சடித்த தாளை வீணாக்கக் கூடாது, மறுபக்கத்தில் எழுத வேண்டும். பதினாறு வருஷத்துப் பழக்கம், கை தானாக எடுத்தது. அந்தத் தாளின் மறுபக்கத்தில் அந்த ஊரில் போன மாதம் வலிப்பு மாத்திரை பெற்றவர்களின் பட்டியல் இருந்தது. எட்டுப் பெயர், தகப்பன் தாய் பெயரோடு.

உபதேசியாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கையில் கொடுத்த தாளை முழுசாக வாசிப்பார். ஞாயிறு பூசை முடிவில் ஆன்லினின் இரண்டாம் ஓலையை வாசித்தார். அடுத்து முகாம் அறிவிப்பு. முன்பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினார். பட்டியலில் முதல் பெயர் ஜேக்கப். சாமியார் இருமி நிறுத்துவதற்குள் எட்டும் முடிந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை சித்ரலேகா ஊருக்குள் கால் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உபதேசியார் அவளைப் பார்த்து, "தாள் வந்தா வாசிக்கதுதான் எனக்கு வேலை. ஒரு பக்கந்தான்னு நீங்க சொல்லலியே, டீச்சர்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. ஃபிளோராவின் வீட்டுக்குப் போனாள். ஃபிளோரா வாசல் நிலையிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பத்து வருசமா மூடி வச்சிருந்தேன். நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டிய" என்றாள். கொண்டி விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டார் செவ்வாய்க்கிழமை வந்து பேசினார்கள் என்றும், என்ன பேசினார்கள் என்று தெரியாது என்றும் ஊரில் சொன்னார்கள். வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தால் கல்யாணம் உண்டு, இல்லையென்றால் இல்லை. சித்ரலேகாவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. முகாமைத் தள்ளிவைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டாள். டாக்டர் கிடைப்பதே பெரிய பாடு, தள்ள முடியாது என்றார்கள்.

ஞாயிறு காலை முதன்முறையாகக் கோயிலுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்த பிறகு இவள் நின்றாள். பூசை முடிவில் அறிவிப்புகள் வந்தன. இரண்டு ஓலைகள் வாசித்தார்கள். ஆன்லினின் ஓலை இல்லை.

அன்றுதான் முகாம். மன்றத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தது. எட்டுக் குடும்பத்தில் அதுவரை மூன்றுதான் வந்திருந்தன. இனி ஜென்மத்துக்கும் யார் பெயரையும் உச்சரிப்பதில்லை என்று, எண் எழுதிய அட்டைகளைக் கொண்டுவந்திருந்தாள். அட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆன்லின் வந்தாள், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு. சித்ரலேகா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஆன்லின் கேட்கிற நிலையில் இல்லை.

"கல்யாணத்தன்னைக்குத் தம்பி ஊர்லயே இருக்கப்பிடாதுன்னு மாப்ள வீட்ல சொன்னாவ. அப்ப எனக்கும் அந்த வீட்ல சோலி இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். "அம்மா ஒங்க மேல கோவமாத்தான் இருக்கா. எனக்கும் கோவந்தான். மாத்திரைய நிறுத்த முடியாதுல்லா."

அவள் கையில் நான்காம் எண் அட்டையைக் கொடுத்தாள் சித்ரலேகா. டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. மைக்கில் நாலு என்று கூப்பிட்டாள். ஆன்லின் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஆன்லின் எழுந்துவந்து அட்டையை மேசையில் வைத்தாள்.

"எங்களுக்குப் பேரு இருக்கு, டீச்சர். அத ஊரே கேட்டாச்சு. பேரச் சொல்லியே கூப்பிடுங்க."

சித்ரலேகா அட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு மைக்கைப் பிடித்து, வில்சன் ஃபிளோரா மகன் ஜேக்கப் என்று தெளிவாகக் கூப்பிட்டாள். மைக் செட்காரர் ஒலிபெருக்கிக் குழாயைத் தெருப்பக்கம் பார்த்துக் கட்டியிருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

ஜேக்கப் எழுந்து டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். வாசலுக்கு வெளியே முந்தானையால் தலையை மூடி நின்றிருந்த ஃபிளோரா, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சித்ரலேகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.