கைப்பையில் வந்த டைமண்ட் ஏழு

சொந்தக் காசைப் போட்டுச் சந்தையில் வாங்கி விற்கும் கம்பெனிக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. அதனால் அங்கே திட்டு வாங்குவதற்கு, பயிற்சி இடம் கேட்டுப் போகிற என்னைப் போன்ற மாணவர்கள்தான் மிச்சம். கிள்ளானில் ரயில் ஏறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வருவதற்குள் பத்துத் தடவை மெயிலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். மாதம் முடிவதற்குள் இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வங்கியில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கோ, போட்ட கணக்கு சரியா தப்பா என்று மறுநிமிடமே தெரிந்துவிடுகிற இந்த வேலைதான் வேண்டும் என்று பிடிவாதம்.

என்ன விற்கிறார்கள்?

அம்மா மெதடிஸ்ட் சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர். எங்கள் வீட்டுக்குள் தாயக்கட்டைகூட நுழைந்ததில்லை. அந்தக் கம்பெனியில் என்னதான் விற்கிறார்கள் என்று கேட்டார். செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்து வாங்குவார்கள், விற்பார்கள் என்றேன். எண்ணெய் எங்கே இருக்கும் என்றார். அதை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதுக்குப் பேரு சூதாட்டம்மா. இதுக்கா உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?"

ஷுவர் ஆ?

முதல் கம்பெனியில் நேர்காணல் செய்தவர் ஒரு சீன இளைஞர். எல்லாம் மனக்கணக்கு. நான் பதில் சொன்னதும் தலையைத் தூக்காமல் "ஷுவர் ஆ?" என்பார். உடனே பதிலை மாற்றுவேன். அதற்கும் "ஷுவர் ஆ?" என்பார். மறுபடியும் மாற்றுவேன். கடைசியில் பேனாவை மூடினார்.

"ஃபர்ஸ்ட் ஆன்சர் எல்லாம் கரெக்ட். ஐ ஜஸ்ட் ஆஸ்கிங் ஒன்லி லா."

கலக்குங்க

இரண்டாவது கம்பெனியில் குமரன் என்ற தமிழர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். ஒரு சீட்டுக்கட்டை நீட்டி, "கலக்குங்க" என்றார். எந்தச் சீட்டு வர எவ்வளவு வாய்ப்பு என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கட்டைக் கையில் பிடித்ததே இல்லை. கலக்கத் தொடங்கியதுமே மேசை, நாற்காலி, தரை எங்கும் சீட்டு சிதறியது. முட்டி போட்டுப் பொறுக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

பிறகு அவரே கலக்கி மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பதின்மூன்று வரை மதிப்பு. மூன்றின் கூட்டுத்தொகைக்கு நான் வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்ல வேண்டும். ஒரு சீட்டுக்குச் சராசரி ஏழு, மூன்றுக்கு இருபத்தொன்று. இருபதுக்கு வாங்குகிறேன், இருபத்திரண்டுக்கு விற்கிறேன் என்றேன். "ஷுவரா?" என்றார். இங்கேயுமா என்று நினைத்தேன். "ஷுவர் இல்ல சார். ஆனா என் விலை இதுதான்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மெயில் வரும். கீழ ஏதும் சீட்டு கெடக்கான்னு பாத்துட்டுப் போங்க."

பிறத்தியார் பொருள்

கீழே ஒன்றும் கிடக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு டைமண்ட் ஏழு. பொறுக்கிய நேரத்தில் பை வாயைத் திறந்துகொண்டு தரையில் கிடந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் திருடி என்று நினைப்பார்களோ, பேசாமல் குப்பையில் போட்டுவிடலாமா என்று நின்றபோது அம்மா பார்த்துவிட்டார்.

"சீட்டும் பாவம், பிறத்தியார் பொருள வச்சிக்கிறதும் பாவம். காலையில போயி ரெண்டையும் ஒன்னா தீத்துட்டு வா."

ஒரு சீட்டு குறைந்தால்

காலையில் வரவேற்பறைக்கு வந்த குமரன் சார், நான் நீட்டிய சீட்டை வாங்கவில்லை. "அப்ப நேத்து ஒரு சீட்டு இல்லாமலே விளையாடியிருக்கோம். உங்க விலை மாறுமா?" என்றார். கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். "மாறாது சார். சராசரியும் ஏழு, காணாம போனதும் ஏழு." மறுபடியும் "ஷுவரா?" என்றார். இதற்கு ஷுவர் என்றேன்.

"திங்கக்கெழம வந்துருங்க. சீட்டு கலக்க மட்டும் வேற ஆள் வச்சிக்கிறோம்."

நல்ல கம்பெனி

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஓர் ஆன்டி, மகளுக்கு எங்கே வேலை என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"செம்பனை எண்ணெய் கம்பெனி, சிஸ்டர். வெல எறங்காம இருக்க ஜெபம் பண்ணிக்குங்க."

முதலில் விற்றுவைத்து, விலை இறங்கியதும் மலிவாக வாங்கி லாபம் பார்க்கலாம் என்று நாங்கள் காத்திருக்கும் நாளாகப் பார்த்து அந்த ஜெபம் பலித்துவிடுமோ என்பதுதான் இப்போது என் புதுப் பயம்.