இட்லிக் கொப்பரையில் வெந்த மக்ரூன்

தங்கமாரிக்கு நாலாம் மாதம். வாயில் வைத்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. சோறு கொதிக்கிற வாசம் வந்தாலே எழுந்து ஓடினாள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி நர்ஸ் எடை பார்த்துவிட்டு, இப்படியே இறங்கினால் பிள்ளைக்கு ஆகாது, அடுத்த வாரமும் ஏறாவிட்டால் அட்மிட் பண்ணிவிடுவோம் என்று சொல்லியனுப்பினாள். அதைக் கேட்டதிலிருந்து அவள் கணவன் அருள்பாண்டிக்கும் சோறு இறங்கவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன் அவன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியின் கேன்டீனில் பரிமாறுகிற வேலை. யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுவான். புது மெஷின் பூட்ட வந்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருநாள் தன் ஊர்ப் பலகாரம் என்று ஆளுக்கொன்று கொடுத்தார். மேலே வெடிப்புவிட்ட, வட்டமான பழுப்புப் பிஸ்கட். பெயர் மக்ரோன் என்றார். அருள்பாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ஊர் பேக்கரிகளில் வெள்ளை வெளேரென்று கூம்பு கூம்பாக அடுக்கியிருப்பதும் மக்ரூன்தானே? கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

தங்கமாரி ஓரத்தைக் கடித்தாள்.

“நம்மூரு மக்ரூன் மாதிரி இல்லியே. முந்திரி வாசமே வரல.”

“பிடிக்கலன்னா துப்பிரு.”

அவள் துப்பவில்லை. வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து ஓடவும் இல்லை.

மறுநாள் கூச்சத்தை விட்டு, சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு அந்த மனிதரிடம் போனான். உனக்கா மாசம் என்று சூப்பர்வைசர் கேலி செய்தபடியே கேட்டுச் சொன்னார். அரைத்த பாதாம், முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான். மைதா கிடையாது. பிரெஞ்சுக்காரரின் ஊரில் அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரிகள் செய்ததாம். இறைச்சி தொடாதவர்களுக்குப் பாதாம்தான் பலம் என்று நினைத்தார்களாம். பாதாமுக்குப் பதில் முந்திரி போட்டால் நம்மூர் மக்ரூன், அவ்வளவுதானே என்று அருள்பாண்டி எண்ணிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டதற்கு, பாதாமும் வெள்ளைக்கருவும் நல்ல சத்துதான், சர்க்கரையை மட்டும் குறைத்துப் போடு என்றாள் நர்ஸ்.

வீட்டில் ஓவன் இல்லை. இட்லிக் கொப்பரை இருந்தது. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பாதாமைக் கலந்து, குழிகளில் ஊற்றி அவித்தான். உப்பி வந்தது மூடியைத் திறந்ததும் பொதுக்கென்று அமுங்கிப்போயிற்று. வீட்டுக்காரம்மா செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாப்பா இது, இட்லியா கேக்கா?”

“மக்ரூன்க்கா.”

“பேரு நல்லாத்தான் கீது. மூஞ்சிதான் சரியில்ல.”

தங்கமாரி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அருள்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்த வாயோடு ஒன்றைப் பிட்டுத் தின்றாள். அது தங்கியது. அடுத்த நாள் அதோடு கொஞ்சம் மோர்சாதமும் தங்கியது.

அடுத்த வாரம் எடை மெஷினின் முள் கொஞ்சம்போல மேலே நகர்ந்தது. அட்மிஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னம்மா சாப்பிட்டே என்று நர்ஸ் கேட்டாள். அருள்பாண்டி தரையைப் பார்த்தான்.

“இவுக அவிச்சுத் தந்தது,” என்றாள் தங்கமாரி.