ஆந்தையும் ஹைட்ராய்டும்

நான் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, இரவுப் பறவை ஒன்றையும் கடல் உயிர் ஒன்றையும் ஒப்பிட்டு அட்டவணை எழுதிவரச் சொன்னார் அறிவியல் ஆசிரியை. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஆந்தையும் ஹைட்ராய்டும் விழுந்தன. ஆந்தை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பழக்கம். மற்றதைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை.

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி அடுக்கும் வேலை முடிந்து அக்கா வரும்வரை காத்திருந்தேன். ஈப்போ நகரில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தும் அவள் போவதாக இல்லை. கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து அப்பா முதுகைக் கெடுத்துக்கொண்ட பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அக்காவுக்குப் படிப்பில் ஆசையில்லை என்று நானாக முடிவுசெய்திருந்தேன்.

வந்தவள் கால்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து, கைப்பேசியில் தேடி வாசித்தாள். கண் சொருகியபோதெல்லாம் தோளை உலுக்கினேன். இரண்டுமே விலங்குகள்தாம். ஆந்தை பறந்து இரை தேடும். ஹைட்ராய்டு சின்னச் செடிபோல் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல வாய்கள், ஒரே உடம்பு.

“சிலதுல மொட்டு மாதிரி ஒன்னு வளந்து, தனியா பிரிஞ்சு நீந்திப் போயிருமாம்.”

அட்டவணையில் இடமில்லை என்று சலித்துக்கொண்டேன்.

கட்டிலில் குப்புறக் கிடந்த அப்பா தலையைத் திருப்பினார். “அது போயிட்டா மிச்சம் இருக்கறது செத்துருமா?”

அக்கா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “இல்லப்பா. அது பாட்டுக்கு இருக்குமாம்.”

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா கேட்டார்: “அந்த காலேஜ்ல எப்ப சேரணும்னு சொன்னாங்க?”

“இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.”

“போ லா. நான் எந்திரிச்சுக்குவேன்.”

அதற்குமேல் என் வீட்டுப்பாடத்தை யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம்.

அடுத்த வாரமே அப்பா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கங்காணியிடம் கேட்டு, நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போனார். மாலையில் வந்ததும் குப்புறப் படுத்துவிடுவார். கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மா தைலம் தேய்த்துவிடுவாள்.

அக்கா கிளம்பிய நாள் நான் பள்ளியிலிருந்து நேராக பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அவளுடைய பெரிய பையை, அவள் தடுத்தும் கேளாமல், அப்பாவே சுமந்து வந்திருந்தார். பஸ் வளைவில் மறையும்வரை நிமிர்ந்தே நின்றார். முதுகு நன்றாகிவிட்டது என்று நினைத்த நான், என் புத்தகப் பையையும் கழற்றி அவரிடம் நீட்டினேன். இடுப்புத் துணியை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு அதையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.