நன்றி சொன்னா கூட்டம் முடிஞ்சிது

ஸ்டோக்குல பஸ்ஸ வுட்டு எறங்கறவங்க ஒருத்தர் பாக்கி இல்லாம டிரைவருக்கு தாங்ஸ் சொல்லிட்டுதான் எறங்கறாங்க. கெழவி சொல்லுது, ஸ்கூலு புள்ள சொல்லுது, காதுல ஒயர மாட்டிக்கினு உலகம் தெரியாம தலைய ஆட்டிக்கினு வர்ற பையன் கூட ஒரு பக்கம் ஒயர புடுங்கிட்டு சொல்றான். இங்கிலாந்துல இருக்குது அந்த ஊரு. என் மவன் செந்தில் அங்க கம்ப்யூட்டர் வேல பாக்கறான். நான் போன புதுசுல பஸ்ஸுல உக்காந்து இத ரொம்ப நாளு உத்துப் பாத்தேன். காசு குடுத்து டிக்கெட்டு வாங்கியாச்சி. அந்த ஆளு சம்பளத்துக்கு ஓட்டறாரு. அப்பறம் எதுக்கு தாங்ஸ்? ஒண்ணு, வழியில ஏதோ ஆபத்து இருந்து அதுலேருந்து நம்மள காப்பாத்தி கொண்டாந்து வுட்டிருக்கணும். இல்லன்னா எல்லாரும் சேந்து என்னமோ மறைக்கிறாங்க. நான் வாயத் தொறக்காம எறங்குவேன். செந்தில் முழங்கையால இடிப்பான், சொன்னா வாயி வலிக்குமான்னு. எதுக்குன்னு தெரிஞ்சா சொல்றேன்டாம்பேன்.

விருத்தாசலத்துல நான் ஏறாத பஸ்ஸா. சேத்தியாத்தோப்பு பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்பும்போதே, அது நிக்கறதுக்கு முன்னாடி, ஜன்னல் வழியா துண்ட வீசி சீட்டுல போட்டுடணும். துண்டு வுழுந்த எடம் நம்ம எடம். அப்பறம் நிதானமா டீய குடிச்சிட்டு வந்து ஏறலாம். நடுவுல எவனாவது உக்காரப் போனா பக்கத்துல இருக்கறவங்களே, ஆள் வருதுன்னு சொல்லிடுவாங்க. என் பொண்டாட்டி தனம் ஒருக்கா துண்டு இல்லாம கையில இருந்த கத்திரிக்கா பைய வீசிட்டா. அது உள்ள உக்காந்திருந்த ஒரு ஆளு மடியில போயி வுழுந்திச்சி. பாவம், அந்த ஆளு சண்ட போடாம எழுந்து எடத்த குடுத்தாரு. அவருக்கும் இவ ஒண்ணும் சொல்லல. கத்திரிக்கா நசுங்கிடுச்சான்னு பாத்துட்டு உக்காந்துட்டா. எங்க ஊர்ல யாரும் இத தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

நான் மூணாங்கிளாசோட நின்னவன். பேசற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்குங்க. எங்க ஊரு செராமிக்ல, பீங்கான் கம்பெனியில, வேல பாத்தேன். சூளையில வெந்து வர்ற கப்பு சாசர ஒவ்வொண்ணா கவுத்துப் பாத்து நகத்தால சுண்டறது என் வேல. நல்ல கப்பு ணங்குங்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தா டொக்குங்கும். பாக்க ரெண்டும் ஒண்ணு போலதான் பளபளன்னு இருக்கும். அதனால எனக்கு ஒரு புத்தி வந்துடுச்சி. பளபளன்னு எது வந்தாலும் ஒரு சுண்டு சுண்டாம நம்ப மாட்டேன். பொண்ணு பாக்கப் போன எடத்துல காபி டம்ளர சுண்டிப் பாத்தேனாம். அது ஞாபகம் இல்ல எனக்கு. தனம் சாவுற வரைக்கும் அத சொல்லிக் காட்டினா.

ஆனா வார்த்தைய எங்க சுண்டறது? நன்றிங்கற வார்த்தைய நான் மேடையிலதான் கேட்டிருக்கேன். கட்சிக் கூட்டமோ ஸ்கூலு ஆண்டு விழாவோ, கடைசியா ஒருத்தர் வந்து மைக்கு செட்டுக்காரருக்கு நன்றி, பந்தல் போட்டவருக்கு நன்றின்னு ஆரம்பிப்பாரு. அவரு ஆரம்பிச்ச ஒடனே சனம் பாய சுருட்டும், தூங்கற புள்ளைய தூக்கித் தோள்ல போட்டுக்கும். நன்றி சொன்னா கூட்டம் முடிஞ்சிது, எழுந்து போவலாம். நான் வேலைய வுட்டு நின்ன அன்னிக்கும் அதான் நடந்திச்சி. அத்தன வருசத்துல என்ன பேரு சொல்லிக்கூட கூப்புடாத சூப்பர்வைசரு ஒரு மாலைய போட்டு, செவுத்துக் கடியாரம் ஒண்ண கையில குடுத்து, எல்லாத்துக்கும் ரொம்ப நன்றின்னாரு. மறுநாள் காலையில எழுந்து சட்டைய மாட்டிக்கினு நிக்கறேன், போவ எடம் இல்ல. அன்னியிலேருந்து யாராவது நன்றின்னு சொன்னா, கதவு எந்தாண்ட இருக்குதுன்னு பாக்கறதுதான் என் மொத வேல. வூட்டுக்குள்ள நாங்க அந்தச் சொல்ல எடுத்ததே இல்ல. கொழம்பு நல்லாருந்தா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு தட்ட நீட்டுவேன். தனத்துக்கு அது போதும்.

அவ போனப்பறம் செந்தில் என்ன அங்க இட்டுக்கினு போயிட்டான். பொட்டியில துணிக்கு நடுவுல ஒரு கப்ப வச்சி எடுத்துக்கினு போனேன். செராமிக்ல தள்ளுபடியில வந்தது, காது கொஞ்சம் கோணலு, ஆனா சுண்டினா மணி மாதிரி இருக்கும். எனக்கு அதுலதான் டீ எறங்கும். ஸ்டோக்கும் ஒரு செராமிக் ஊருதான். பக்கத்து வூட்டு ராய் கெழவரு அங்க ஒரு கம்பெனியில கப்பு பண்ணவரு. மொத நாளு கேக்கு ஒண்ண தட்டுல வச்சி கொண்டாந்தாரு. நான் கேக்க எடுத்து ஓரமா வச்சிட்டு தட்ட கவுத்து சுண்டிப் பாத்தேன். அவரு என் கப்ப எடுத்து கவுத்து அடியில எந்தக் கம்பெனி முத்திரன்னு பாத்தாரு. ஒண்ணும் இல்ல அதுல. திருடிக்கினு வந்ததுன்னு நெனச்சிட்டாரோன்னு எனக்கு ஆயிடிச்சி. அவரு கடகடன்னு சிரிச்சிட்டு கைய குடுத்தாரு. ஒரு கேக்குக்கு இவ்ளோ சிரிப்பு எதுக்குன்னு அதுலயும் எனக்கு சந்தேகம்தான்.

மருமவ கலா திட்டக்குடி பொண்ணு. பேத்தி இனியா ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. ஊர்ல காலண்டர கிழிச்சா அமாவாச, கிருத்திக, பல்லி வுழுந்தா என்னா பலன், எல்லாம் போட்டிருக்கும். வெள்ளக்காரனுக்கு இதெல்லாம் இருக்காதுன்னு நெனச்சிக்கினு போனேன். நம்மள வுட மோசமா இருக்குது. ஒரு நாளு ராத்திரி போட்டுக்கற துணியோட ஸ்கூலுக்கு போவணுமாம். ஒரு நாளு ஜோடி மாத்தி சாக்ஸ் போடணுமாம். ஒரு நாளு பேன் கேக் நாளு. உப்பில்லாத தோசையில எலுமிச்சம்பழத்த புழிஞ்சி சக்கரைய தூவி கலா கொண்டாந்து வச்சா. மாவு புளிச்சிடுச்சி, அத மறைக்க இவளே ஒரு நாள கட்டி வுடுறான்னுதான் நெனச்சேன். ராய் கெழவரு வாசல்ல நின்னு அதே பண்டத்த திங்கறத பாத்தப்பறம்தான் வாயில வச்சேன்.

அந்த வரிசையில, வெய்யக் காலம் வந்தப்ப தாங்ஸ் வாரம்னு ஒண்ணு வந்திச்சி. ஸ்கூலுல சொல்லி அனுப்பிட்டாங்க, தெனம் சோறு திங்கும்போது ஆளுக்கு ஒரு தாங்ஸ் சொல்லணும். இனியா கரண்டியால மேசைய தட்டி ஒவ்வொருத்தரா கூப்புடுவா. மொத நாளு அவ ஸ்கூலு வாசல்ல ரோட்ட தாண்ட வுடுற அம்மாவுக்கு சொன்னா. செந்தில் வெந்நீ மெஷினுக்கு சொன்னான். இன்னிக்கி போன் பண்ணாம இருந்த எங்க அம்மாவுக்கு தாங்ஸ்னு கலா சொன்னா, செந்திலுக்கு பொறையேறிடிச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல, சோத்த போடுன்னேன். மறுநாளும் அதான் சொன்னேன். தாத்தா அவுட்டுன்னுட்டா இனியா.

புதங்கெழம கலா எம் பக்கம் திரும்பி, "மாமாவுக்கு தாங்ஸ். தெனம் வெங்காயம் உரிச்சிக் குடுக்கறாரு, நான் ஒரு நாளும் சொன்னதில்ல"ன்னா. செந்தில் வுடாம, "ஆமாப்பா, எல்லாத்துக்கும்"னான்.

என் கண்ணு கதவாண்ட போயிடிச்சி. அந்த சூப்பர்வைசரும் எல்லாத்துக்கும்னுதான் சொன்னாரு.

வியாழக்கெழம காலையில என் கப்பக் காணும். கலாகிட்ட கேட்டா, இங்கதான் எங்கியாவது இருக்கும் மாமான்னு மொகத்த பாக்காம சொல்றா. மேல போயி பாக்கலாம்னு போனா, பரண்ல கெடந்த என் பொட்டி எறங்கி நடையில நிக்கிது, தொடச்சி வச்சிருக்குது. மனசு சரியில்லாம கொல்லைக்கு போனேன். வேலிக்கு அந்தாண்ட ராய் கெழவரு. என்ன பாத்து, கைய ஏரோபிளான் மாதிரி பறக்க வுட்டு, "ஹோம்?"னு கேட்டு சிரிக்கிறாரு. நோ நோன்னேன். அவரு எஸ் எஸ்னு தலையாட்டி கைய புடிச்சி குலுக்கறாரு. வேலிக்கு அந்தாண்ட இருக்கறவருக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல.

ஒண்ணு சொல்லணும். என்ன ஊருக்கு அனுப்பிடுன்னு நான் கேக்காத நாளு கெடையாது. காலையில எழுந்தா குளுருதுன்னு சொல்றா மாதிரி அதையும் சொல்லுவேன். ஆனா அத ஒருத்தர் காதுல வாங்கிப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. பொட்டிய பாத்தப்பறம்தான் யோசிச்சேன். விருத்தாசலத்துல என்னா இருக்குது? பூட்டின வூடு. செந்தில் எனக்கு ஒரே புள்ள. அங்க போயி யாருக்கு வெங்காயம் உரிக்கறது? அன்னிக்கி சாயங்காலம் கலா கேட்டதுக்கு ரெண்டு மடங்கா உரிச்சி வச்சேன். இனியா ஷூவ தொடச்சேன். தொடச்ச தட்டையெல்லாம் இன்னொரு தடவ தொடச்சேன். "என்னா மாமா, வூட்ல எதனா கல்யாணமா?"ன்னு கலா கேட்டா. நான் அடுத்த தட்ட எடுத்தேன்.

வெள்ளிக்கெழம சோத்துக்கு உக்காந்தோம். இனியா ஸ்கூலு பைய தொறந்து ஒரு சாக்ஸ எடுத்தா. அதுக்குள்ள என் கப்பு. யாருக்கு தாங்ஸ் சொல்றீங்களோ அவங்க பொருளு ஒண்ண கொண்டாந்து காட்டணும்னு டீச்சர் சொன்னாங்களாம். என்ன கேட்டா குடுக்க மாட்டேன்னு அம்மாவும் பொண்ணும் கூட்டு. "யாரையும் தொடவே வுடல தாத்தா. நான்தான் சுண்டிக் காட்டினேன்"னா. நான் வாங்கி கவுத்துப் பாத்து ஒரு சுண்டு சுண்டினேன். ணங்குன்னுது. அது வரைக்கும் சரி. பொட்டி?

இனியா கரண்டிய தட்டினா. "தாத்தா, கடைசி நாளு. சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏம்ப்பா, கொழந்த கேக்குது இல்ல?"ன்னான் செந்தில்.

"சொன்னா எழுந்து போவணும். எனக்குப் போவ இஷ்டம் இல்ல."

ரசம் ஊத்த வந்த கலா கரண்டியோட அப்பிடியே நின்னுட்டா. யாரு உங்கள போவச் சொன்னதுன்னு செந்தில் கேட்டான். பொட்டி எறங்கியிருக்குதேன்னேன். அவன் சொன்னான், "அம்மாவுக்கு மொத தெவசம் வருதுப்பா. ஊர்ல வச்சி குடுக்கணும்னு சொன்னது யாரு? இன்னிக்கி சொல்லலாம்னு டிக்கெட்ட மறைச்சி வச்சிருந்தேன்."

தெவசம் வர்றது எனக்குத் தெரியாதா என்னா. ஆனா அதுக்கும் பொட்டிக்கும் முடிச்சி போட எனக்குத் தோணல. செந்திலுக்கு லீவு பத்து நாளுதான். வந்து காரியத்த முடிச்சிட்டு அவன் திரும்பிடுவான், நான் ரெண்டு மாசம் இருந்து சொந்தபந்தத்த பாத்துட்டு வரணும், ரிட்டன் போட்டாச்சின்னு சொன்னான். டிக்கெட்ட வாங்கி முன்னாடியும் பின்னாடியும் திருப்பிப் பாத்தேன். எல்லாம் இங்கிலீசு. மவன் முன்னாடி போறான், அப்பன் பின்னாடி தனியா வரணும். காகிதத்த சுண்டினா என்னா சத்தம் வரும்? கலாதான் ரசத்த ஊத்திக்கினே, "தாங்ஸ் சொல்லாட்டி போங்க மாமா, இனிமே இவ்ளோ வெங்காயம் மட்டும் உரிக்காதீங்க. ஒரு வாரத்துக்கு வெங்காயக் கொழம்புதான்"னா. இனியா மூக்க புடிச்சிக்கிட்டா. நான் தட்ட நீட்டினேன், இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு.

கெளம்பற அன்னிக்கி கலா கப்ப துண்டுல சுத்தி பொட்டியில வச்சா. நான் எடுத்து, சமையல்கட்டு ஜன்னலாண்ட தட்டுல, எப்பவும் இருக்கற எடத்துலயே கவுத்து வச்சேன். எடுத்துக்கலியா மாமான்னு கேட்டா. இருக்கட்டும்னேன். அவ என்னையும் பாத்தா, கப்பையும் பாத்தா. துண்ட மட்டும் மடிச்சி பொட்டியில வச்சா.

தெவசம் நல்லபடியா முடிஞ்சிது. செந்தில் போயிட்டான். நான் விருத்தாசலத்துலதான் இருக்கறேன், இத எழுதறது இங்கேருந்துதான். ஹோட்டல்லேருந்து எடுப்பு சாப்பாடு, எவர்சில்வர் டம்ளர்ல டீ. அந்த டம்ளருங்க எல்லாம் ஒரே மாதிரிதான் சத்தம் போடுது, நல்லது கெட்டது தெரியல. போன வாரம் சேத்தியாத்தோப்புக்கு தங்கச்சிய பாக்கப் போயிட்டு பஸ்ஸுல திரும்பினேன். முன்பக்க படியில எறங்கும்போது என் வாயி தானா டிரைவரப் பாத்து, "தாங்ஸ்பா"ன்னுடிச்சி. நான் சொல்லணும்னு நெனச்சி சொல்லல. டிரைவர் திரும்பி என்ன மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு.

"என்னா பெருசு, டிக்கெட்டு எடுக்கலியா?"

எடுத்தேம்பான்னேன். அவரு நம்பல, விசில் அடிக்காத, இந்தப் பெருச பாருன்னு கண்டக்டர கூப்புட்டாரு. கண்டக்டர் எறங்கி வந்து எங்க டிக்கெட்டுன்னாரு. சட்டப் பையில தேடி, மடியில தேடி எடுத்துக் குடுத்தேன். அவரு அத முன்னாடியும் பின்னாடியும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சரியாத்தான் இருந்திச்சி. இருந்தும் பஸ்ஸு கெளம்பினப்பறமும் படியில நின்னு என்னையே பாத்துக்கினு போறாரு. எனக்குக் கோவம் வரல. நானும் ஸ்டோக்கு பஸ்ஸுல அப்பிடித்தான் எல்லாரையும் பாத்துக்கினு இருந்தேன்.

நேத்து கலா போன் பண்ணினா. மாத்திர போட்டீங்களா, மழ உண்டான்னு பேசிக்கினு இருந்துட்டு, நான் கேக்காமலே சொன்னா, "ராய் தாத்தா வந்தாரு மாமா. உங்க கப்புல டீ வேணும்னு எடுத்தாரு. வச்சிடுங்க, ஆள் வருதுன்னு சொல்லிட்டேன்."

போன கப்பாண்ட வச்சி ஒரு சுண்டு சுண்டும்மான்னேன். சுண்டினா. அவ்ளோ தூரத்துலேருந்து வருது இல்ல, ணங்குன்னுச்சா டொக்குன்னுச்சான்னு சரியா பிடிபடல. இன்னொரு தடவ சுண்டச் சொல்லி, போன காதோட அழுத்திக்கிட்டேன்.