ஐந்து நாள் மாத்திரை

என் கடைக்கு வருகிறவர்களில் சில பேர் மோட்டாரைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, "என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். "போட்டோவுக்கா நான் காயில் கட்டுறது? மோட்டாரைக் கழட்டிக் கொண்டாங்க" என்பேன். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். கையால் தொட்டு, மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு மோட்டாருக்கும் நான் வைத்தியம் சொன்னதில்லை. என் அம்மாவுக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் போட்டோவை அனுப்பி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இதை யாருக்கும் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. அந்தத் தகுதி எனக்குக் கிடையாது.

அம்மா திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அப்பா இறந்து வெகுநாள் ஆகிறது. இரண்டு மாடு, குத்தகைக்கு எடுத்த மூன்று மா நிலம், அப்போது இதுதான் அவள் உலகம். கும்பகோணத்துக்கு வந்து எங்களோடு இரு என்றால், "மாட்ட எங்கடா கட்டுவ, உன் கடையிலயா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, வலி போகவில்லை. முட்டி, கணுக்கால், விரல் எல்லாம் வீங்கிக்கொண்டது. செம்பைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சுவரைப் பிடித்து நடந்தார்கள். சம்பா நடவு நேரம் வேறு. நான் ஒரு வண்டி பிடித்துப் போய் அவளைக் கூட்டி வந்து கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன்.

டாக்டர் நிதானமான மனிதர். பார்த்துவிட்டு நாலு மாத்திரை எழுதினார். அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "பிரஷர் மாத்திரை தினமும் போடணும், விடவே கூடாது. மத்ததெல்லாம் இப்போதைக்குத்தான். பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவர் இவ்வளவும் சொன்னார் என்பது இப்போது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது ஒருத்தன் போர் மோட்டார் சிக்கிக்கொண்டது என்று என் போனில் கத்திக்கொண்டிருந்தான். என் காதில் விழுந்தது "தினமும் போடணும், விடவே கூடாது" மட்டும்.

அன்றைக்கே அவளை ஊரில் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் அம்மா எழுந்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்தாள் என்று நினைக்க வேண்டாம், மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தாள். ஆறாம் நாள் எனக்குப் போன்.

"டேய், அந்தக் குட்டி தீந்துபோச்சுடா."

"எந்தக் குட்டி?"

"பொடிசா வெள்ளையா இருக்குமே. மத்ததெல்லாம் சும்மா பேருக்கு. அதுதான்டா வேலை செய்யுது. இன்னிக்குப் போடல, காலு மறுபடி பிடிக்குது."

பத்தாம் நாள் கூட்டிப் போக எனக்கு நேரம் இல்லை. நேரம் இல்லை என்பது பொய். அரை நாள் கடையை மூட மனசு இல்லை, அதுதான் நிஜம். பக்கத்து வீட்டு அக்காவை விட்டு, அம்மாவின் காலி அட்டைகள் நாலையும் ஒரு தட்டில் பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதை அப்படியே என் கடைக்கு எதிரில் இருக்கும் மெடிக்கலுக்குத் தள்ளினேன். "ரெடி" என்று ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பிடித்தது.

அதற்கப்புறம் மாசா மாசம் அதே போட்டோ. பிறகு போட்டோவும் தேவைப்படவில்லை. "அம்மா செட் ஒண்ணு" என்று அனுப்பினால் போதும், நாலும் ஒரு பையில் வந்துவிடும். நான் அதை வாங்கி எங்கள் ஊர் வழியாகப் போகும் மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஊர் ஸ்டாப்பில் அவர் அதை அம்மாவிடமோ டீக்கடையிலோ இறக்கிவிடுவார்.

"என்னண்ணே, மாசம் தவறாம அம்மாவுக்குச் சீர் அனுப்புறீங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் குடுத்ததில்ல" என்பார் கண்டக்டர். எனக்குப் பெருமையாக இருக்கும். வெட்கம் கெட்ட பெருமை.

நாலைந்து மாசத்தில் அம்மாவின் முகம் மாறியது. ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பி, முகம் வட்டமாக ஆனது. ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா என் எதிரிலேயே சொல்வாள்: "பாரு உங்கம்மாவ, மூஞ்சி பௌர்ணமி கணக்கா இருக்கு. ரெண்டாங் கல்யாணத்துக்கு மாப்ள பாக்கலாம்." அம்மா, "போடி, வாயப் பாரு" என்று விரட்டுவாள். ஆனால் அவளுக்கும் சந்தோஷம்தான். வயிறும் பருத்தது. கை கால் மட்டும் குச்சியாக இருந்தது. லேசாக இடித்தாலும் கையில் ஊதா நிறத்தில் கன்றிப்போனது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. "மாடு முட்டுச்சா?" என்று கேட்டேன். "இருக்கும்" என்றாள். அதோடு முடிந்தது. ஒரு மோட்டார் கொஞ்சம் அதிகமாகச் சூடானாலே கழற்றிப் பார்க்கிறவன் நான்.

இரண்டாவது வருஷம் மெடிக்கலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தது. அதற்கென்று படித்த பெண். நான் "அம்மா செட்" என்று அனுப்பியதும் பதில் வரவில்லை, போன் வந்தது.

"சார், டாக்டர் சீட்டு இருக்கா?"

"எதுக்கு? எப்பவும் வாங்குறதுதானே."

"அதுல சின்ன மாத்திரை ஒண்ணு இருக்கு சார். அத இவ்ளோ நாள் தொடர்ந்து போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காங்களா?"

எனக்கு எங்கிருந்தோ வந்தது கோபம். போனைக் கையில் பிடித்தபடியே ரோட்டைத் தாண்டி அந்தக் கடை வாசலில் போய் நின்றேன். நாலு பேர் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு வருஷமா வாங்குறேன். நீ நேத்து வந்தவ, எங்கிட்டக் கேள்வி கேக்குறியா?" என்று கத்தினேன்.

"ரெண்டு வருஷமா வாங்குறீங்கன்னுதான் சார் கேக்குறேன்" என்றது அந்தப் பெண். மாத்திரையை எடுக்கவில்லை. "அம்மாவ ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க சார். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்ட்டக் கேட்டு..."

மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. "டாக்டருக்குப் படிச்சுட்டு வந்து பேசு" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவில் வேறு மெடிக்கலுக்குப் போனேன். பழைய போட்டோவைக் காட்டினேன். அங்கே நாலையும் எடுத்துப் போட்டார்கள். வெற்றி பெற்றவன் மாதிரி கண்டக்டரிடம் பையைக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அதற்கப்புறமும் ஐந்து மாசம் அனுப்பினேன்.

ஐந்தாவது மாசம் ஒரு காலையில் அம்மா மாட்டுக்குக் கழுநீர் தூக்கியிருக்கிறாள். அரை வாளிதான். முதுகில் ஏதோ சுள்ளென்று முறிந்த மாதிரி இருந்ததாம். அப்படியே கட்டுத்தறியில் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, வழுக்கவில்லை, மாடும் முட்டவில்லை.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் இரண்டு எலும்பு நசுங்கியிருந்தது. சுகரும் ஏறியிருந்தது, முன்னே அது அவளுக்கு இல்லை. பழைய டாக்டரிடமே அவளைக் கூட்டிப் போனேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படத்தை வாங்கினார்.

"முகம் எப்பலேருந்து இப்படி இருக்கு? என்னென்ன மாத்திரை போடுறாங்க?"

நாலு அட்டையையும் மேசையில் வைத்தேன். அவர் சின்ன அட்டையை மட்டும் எடுத்தார். "இத யார் குடுத்தா?"

"நீங்கதான் சார்."

"நான் எழுதினது அஞ்சு நாளைக்கு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அது ஸ்டீராய்டு, வீக்கத்தைச் சட்டென்று அடக்குகிற மாத்திரை, அளவோடு போட்டால் நல்ல மருந்து என்றார். மாசக்கணக்கில் போட்டால் எலும்பைத் தின்னும், சுகரையும் பிரஷரையும் ஏற்றும், முகத்தை இப்படி உப்ப வைக்கும் என்றார். நான் பையிலிருந்த மிச்ச அட்டைகளை எடுத்து அவருடைய குப்பைத் தொட்டியில் போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அந்தத் தப்பையும் பண்ணிடாதீங்க. இவ்ளோ நாள் வெளியேருந்து குடுத்ததுல, உடம்பு இதே மாதிரி ஒண்ண தானா சுரக்கிறத நிறுத்திடுச்சு. இன்னிக்கு நிறுத்தினா ஆளே சாஞ்சுடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், நான் சொல்ற அளவுல. நீங்களாக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

அன்றைக்கே கடை மேசை இழுப்பறையைக் கொட்டிப் பார்த்தேன். செம்புக் கம்பி வாங்கிய பில்லுகளுக்கு அடியில் அந்தப் பழைய சீட்டு இருந்தது. நாலு மருந்தும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை நாள் என்று தெளிவாக எழுதியிருந்தது. குட்டிக்கு எதிரில் ஐந்து. டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பார்களே, அந்தச் சாக்குகூட எனக்கு இல்லை.

இப்போது பழைய மெடிக்கலில்தான் வாங்குகிறேன். முதல் தடவை போனபோது அந்தப் பெண்ணிடம் புதுச் சீட்டை நீட்டினேன். அது படித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மருந்துப் பையின் மேலும் எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்று தமிழில் எழுதியது.

"அன்னிக்கு நான் கத்துனது..." என்று ஆரம்பித்தேன்.

"நெறையப் பேரு கத்துவாங்க சார். அம்மா எப்படி இருக்காங்க?"

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்டக்டரிடம் இப்போது எதையும் கொடுத்தனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு நானே போகிறேன். அந்த வாரத்துக்கு உள்ளதை நாள்வாரியாகப் பிரித்து டப்பாவில் வைக்கிறேன். குட்டி முதலில் அரையானது, இப்போது கால். பிளேடு வைத்து நறுக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "காக்காய்க்கா வைக்கிற, இவ்ளோ பொடியா?" என்பாள். முகம் பழையபடி வற்றிவருகிறது. ஊரில் எல்லாரும், "மவன் இப்பக் கவனிக்கிறதில்ல போல, எளச்சுப் போயிட்டியே" என்று கேட்கிறார்களாம்.

மாட்டை விற்றாகிவிட்டது. நிலத்தை வேறு ஆள் பார்க்கிறான். அம்மா கூனிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் துணி காயப்போட நின்றவளைப் பார்த்தேன். கையை எவ்வளவு நீட்டியும் கொடி எட்டவில்லை. முன்னெல்லாம் அதே கொடி அவள் தலையில் இடிக்கும், குனிந்து போவாள். நான் ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் இறக்கி அடித்தேன். கட்டிப் பார்த்தேன், போதவில்லை. இன்னும் நாலு விரல் இறக்கினேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஏன்டா இந்தப் பாடு? அந்தக் குட்டிய ஒரே ஒரு நாளைக்கு முழுசாக் குடேன். நானே நிமுந்து நின்னு பழைய எடத்துல கட்டிடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன்னை எழுப்பி நிறுத்தியது அந்த மாத்திரைதான் என்று இன்றைக்கும் நம்புகிறாள். டாக்டர் சொன்னதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்வாள், நம்ப மாட்டாள். டப்பாவைத் திறந்து அன்றைக்கு உள்ள கால் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது கையில் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.