இரண்டு காலும் உள்ள கோதண்டராமன்

வல்லக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த கோதண்டராமன், பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பனிமலையில் ஒரு குளிர்காலம் வண்டி பழுதாகி நின்றுவிட, காயம்பட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரோடு இழுத்துக்கொண்டு நடந்ததில் இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மற்றபடி முழு ஆளாகத்தான் ஊர் திரும்பினார். சர்க்கரையும் மூட்டுவலியும் திரும்பிய பிறகு வந்தவை.

அப்பாவின் நிலம் போன இடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று எழுந்திருந்தது. அதன் வாசலிலேயே காவலாளி வேலை கிடைத்தது. உள்ளே போகும் பெரிய கார்களுக்கு சல்யூட் அடிக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னபோது கோதண்டராமன் கேட்டார்:

"காருக்கா, உள்ள குந்திகினு கீற ஆளுக்கா? காருக்குன்னா அடிக்கிறேன். அதுக்காவது ஒரு வேலை தெரியும்."

யாரைப் பற்றியும் அவர் இப்படித்தான் பேசுவார். மனைவி கனகம் ஒருத்திதான் அவர் வாய்க்கு அஞ்சாதவள். அவளுக்கும் வாய் சளைத்ததில்லை.

ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. மாத மருந்து வாங்க இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டும். போனால் அன்றைய வேலை போச்சு. பக்கத்திலேயே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு எம்.எல்.ஏ. தணிகைமலையிடம் கொடுத்தார்கள்.

தணிகைமலைக்கு அடிக்கல் நாட்டுவதென்றால் தனிப் பிரியம். அதற்கு மேல் ஒரு கல்லை வைப்பதில் ஆர்வம் கிடையாது. ஊரின் மேய்ச்சல் நிலத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஏக்கர் அறுபது சென்ட்டைத் தேர்ந்தெடுத்தார். படைவீரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அவர் வந்து, வெள்ளிக் கரண்டியால் சிமென்ட்டைத் தொட்டு, பதினோரு நிமிடத்தில் கிளம்பிப் போனார். கல்வெட்டில் ஏழு பேர் பெயர் பிழையில்லாமல் இருந்தது. 'படைவீரர்' மட்டும் 'படைவிரர்' ஆகியிருந்தார்.

ஒன்றரை ஆண்டு ஓடியது. ஒரு செங்கல் வரவில்லை. ஒருநாள் எம்.எல்.ஏ.வின் உதவியாளன் மோகன், கோதண்டராமனின் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நாளான்னிக்கி தலைவர் சட்டசபையில உங்க விஷயமாத்தான் பேசுறாரு. மேல கேலரியில நீங்க குந்தி கேக்கணும். மெடல்லாம் குத்திகினு வாங்க."

"ரெண்டு வருசமா இங்க பேசாதத அங்க பேசப்போறாரா?" என்றார் கோதண்டராமன். ஆனாலும் போனார். மருத்துவமனை வந்துவிடுமோ என்ற ஆசை அவரையும் விடவில்லை.

சட்டமன்றத்தில் தணிகைமலை கம்மிய குரலில் பேசினார். "பேரவைத் தலைவர் அவர்களே, பனிமலையில் இரு கால்களையும் தேசத்துக்குக் கொடுத்துவிட்டு, இன்று சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடக்கிறாரே என் அண்ணன் கோதண்டராமன்..." உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

கோதண்டராமன் எழுந்து நின்றார். கத்தவில்லை, கை நீட்டவில்லை. சும்மா நின்றார். அவைக் காவலர் ஓடிவந்தார்.

"உக்காருங்க ஐயா. இங்க நிக்கக்கூடாது."

"கீழ பேசுறவரு என்னால நிக்கவே முடியாதுன்றாரு. நீங்க நிக்கக்கூடாதுன்றீங்க. யாராச்சும் ஒருத்தர் சரியா சொல்லுங்க."

அவரை வெளியே அழைத்துப் போனார்கள். கதவைத் தாண்டும் முன் தணிகைமலையின் இன்னொரு வாக்கியம் காதில் விழுந்தது: "அந்த மேய்ச்சல் நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றித் தர வேண்டும்." கால் போனதாகச் சொன்னதைவிட அந்த 'வணிகம்'தான் வழியெல்லாம் அவரை உறுத்தியது.

மறுவாரம் தணிகைமலையே வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு புகைப்படக்காரர், அவருக்குப் பின்னால் ஒரு சக்கர நாற்காலி. சாய்மானத்தில் ஒட்டிய படத்திலும் தணிகைமலை கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டே நிமிசம் இதுல உக்காருங்க. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறோம்."

"காலு ரெண்டும் கீதே சார். இன்னா பண்ணலாம்?"

தணிகைமலை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "மேல ஒரு போர்வையைப் போட்டுக்கலாம்ணே."

கனகம் உள்ளேயிருந்து வந்தாள். "ஏன் சார், உங்க மூஞ்சி ஒட்டுன நாற்காலியில நீங்களே குந்திகினு போங்களேன். தள்ளத்தான் இத்தினி பேரு வந்து கீறாங்களே."

"ஆஸ்பத்திரி கட்ட எதுக்கு சார் வணிகப் பயன்பாடு?" என்று கோதண்டராமன் கேட்டார்.

"அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர்ணே," என்று தணிகைமலை கிளம்பினார்.

அன்றே கோதண்டராமன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். நாற்பது நாள் கழித்துக் கோப்பின் நகல் தபாலில் வந்தது. தொழிற்சாலை வாசலில் நின்றபடியே படித்தார். மருத்துவமனைக்கு நான்கு சென்ட். மீதி நூற்று ஐம்பத்தாறு சென்ட்டும் கன்டெய்னர் லாரி நிறுத்துமிடம். குத்தகைக்குக் கேட்டிருந்த நிறுவனம் தணிகைமலையின் மைத்துனருடையது. அந்த நேரம் உள்ளே போன மூன்று கார்களுக்கு அவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஹாரன் அடித்து ஓய்ந்து, ஓட்டுநர்களே இறங்கித் திறந்துகொண்டார்கள்.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. பன்னிரண்டு தீர்மானங்களை ஒரே மூச்சில் முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவதாக ஏற்பாடு. பதினொன்றாவது தீர்மானம், நில மாற்றத்துக்கு ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்பது. கோதண்டராமன் எழுந்து, நகலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். பிறகு சொன்னார்:

"என் காலைக் காட்டி லாரிக்கு எடம் கேக்குறாங்க. அதுவும் இல்லாத ஊனத்தைக் காட்டி. உங்க மாடு இனிமே டயரத்தான் மேயணும்."

மாடு வைத்திருந்த பெண்கள் முதலில் எழுந்தார்கள். மோகன் குறுக்கே வந்தான். "அரசியல் பண்ணாதீங்கண்ணே. நஷ்டம் உங்க ஆளுங்களுக்குத்தான்."

அதற்கும் கோதண்டராமனிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஜெபகுமார் எழுந்தார். அவரும் ராணுவத்தில் இருந்தவர். சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை நகரத்துக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வருபவர்.

"நாலு சென்ட்டாவது வரட்டுமே, கோதண்டம். அவன் லாரியை நிறுத்திக்கட்டும். எனக்கு ஒரு கட்டில் போட எடம் போதும்."

கோதண்டராமன் அவரைப் பார்த்தார். கையிலிருந்த நகலை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த நாலு சென்ட்டும் வராது ஜெபா. லாரி வந்தப்புறம் அந்த எடத்துல அவங்களுக்கு வாட்ச்மேன் ரூமுதான் வரும். இன்னிக்கி நாம கையெழுத்துப் போட்டா நாளைக்குக் கேக்கவும் முடியாது."

ஜெபகுமார் நம்பவில்லை. கூட்டம் முடியும்வரை இருக்காமல் போய்விட்டார். ஊர் பதினொன்றாவது தீர்மானத்தை நிராகரித்து, பதிவேட்டில் அப்படியே எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டது.

நாலு மாதத்தில் நில மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கடிதம் வந்தது. நிலம் நிலமாகவே நின்றது. மருத்துவமனையும் வரவில்லை. ஜெபகுமார் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கோதண்டராமன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கனகம் மட்டும், சாப்பிடும்போது அவர் பேச்சு குறைந்திருப்பதைக் கவனித்தாள்.

கடிதம் வந்த பத்தாம் நாள் நெடுஞ்சாலையில் முப்பதடி பேனர் எழுந்தது: 'மேய்ச்சல் நிலம் காத்த மக்கள் காவலர் தணிகைமலைக்கு நன்றி.' அன்று மாலை மோகன் போன் செய்தான்.

"அண்ணே, பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. ஞாயித்துக்கெழம பாராட்டு விழா. அதுலயே சுங்குவார்சத்திரத்துப் பக்கம் வேற எடத்துல ஆஸ்பத்திரிக்கு அடிக்கல். ஜெபகுமார் அண்ணன் வரேன்னுட்டாரு. நீங்களும் மேடைக்கு வரணும்."

"எந்த எடம்?"

"மெயின் ரோட்டை ஒட்டி, சூப்பர் எடம்ணே."

"சர்வே நம்பர் இன்னா?"

மோகன் போனை வைத்துவிட்டான்.

விழாவுக்கு ஜெபகுமார் பதக்கங்களோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார் என்று கனகம் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். "அந்த மனுசனைத் திட்டாதீங்க," என்றாள்.

"அவனை எதுக்குத் திட்டப்போறேன்," என்றார் கோதண்டராமன். திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் தாலுகா அலுவலகத்துக்குப் போனார்.