நொசிலை அடைத்த பெயின்ற்

தலைமன்னாரிலிருந்து மணல் திட்டுகளைப் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் படகொன்றில் நான் எஞ்சின் வேலை பார்க்கிறேன். படகு ஒரு அக்காவுடையது. புருசன் செத்த பிறகு அதை வித்துப்போடச் சொல்லி ஊரே சொன்னபோதும் விற்காமல் தானே நடத்திக் காட்டியவ.

எங்கள் எஞ்சின் அறையில் தீயணைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சுவரில் ஒரு சிவப்புச் சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய் கூரையோடு போய், எஞ்சினுக்கு நேர் மேலே ஒரு பித்தளை நொசிலில் முடியும். நெருப்புப் பிடித்தால் மேலே சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கிற பிடியை இழுக்க வேண்டும். நொசிலின் சின்னத் துளைகளால் வாயு சீறிவந்து அறையை நிரப்பி நெருப்பை அணைத்துவிடும். வருசத்துக்கு ஒருக்கால் பரிசோதகர் வந்து பார்த்துச் சரியென்று எழுதினால்தான் ஆட்களை ஏற்றலாம்.

அந்த வருசம் என்னோடு இன்னொருவனும் வேலை செய்தான். நாற்பதைத் தாண்டியவன், என்னைவிட மூன்று நாலு வயது இளையவன். சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய், அகதி முகாமிலேயே வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளையோடு திரும்பி வந்தவன். அங்கே ஒரு பட்டறையில் தொழில் பழகியிருந்தான். எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம்தான். நல்ல வேலைக்காரன். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எஞ்சினில் ஏதும் சத்தம் கேட்டால் அக்கா என்னை விட்டுவிட்டு அவனைக் கூப்பிடத் தொடங்கியிருந்தா.

பரிசோதனைக்கு நாலு நாள் இருக்க வேலையைப் பிரித்துக்கொண்டோம். சிலிண்டரும் குழாயும் அவனுக்கு. துப்புரவும் பெயின்றும் எனக்கு. எஞ்சினுக்கு அடியில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணியை அள்ளி வாளிகளில் ஊற்றினேன். எண்ணெய் குடித்த பழந்துணிகளைப் பொறுக்கிக் கரைக்குக் கொண்டுபோனேன். அவன் சிலிண்டரின் அளவுமானி முள் பச்சைக்குள் நிற்கிறதா என்று பார்த்தான். கடைசியாக நொசிலைக் கழற்றி, ஊதிப் பார்த்து, திரும்பப் பூட்டி, அதன்மேல் ஒரு பொலித்தீன் சொப்பிங் பையைச் சுற்றி ஒட்டுநாடாவால் ஒட்டினான்.

"அண்ணை, கூரைக்குப் பெயின்ற் அடிக்கேக்க இதை மட்டும் கழட்டிப் போடாதீங்கோ. ஒரு சொட்டு உள்ள போனாலும் துளை அடைச்சுப் போடும்."

"எனக்குத் தெரியாதோ?" என்றேன்.

அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சலென்று அவன் வரவில்லை. நான் தனியே கூரைக்கு வெள்ளை அடித்தேன். அந்தப் பையைச் சுற்றி ஒழுங்காக அடிக்க முடியவில்லை. நடுவில் ஒரு வட்டம் பழைய மஞ்சளாகவே தெரிந்தது. அசிங்கமாக இருந்தது. பையைப் பிய்த்தெடுத்து வாளிக்குள் போட்டுவிட்டு, நொசிலோடு சேர்த்து இரண்டு தரம் பெயின்ற் பிறஸ்ஸை ஓட்டினேன். பார்க்க வெள்ளை வெளேரென்று வந்தது.

காய்ச்சல் தணிந்து அவன் வந்தது பரிசோதனை அன்று காலையில்தான். அவன் படகில் கால் வைக்கவும் பரிசோதகர் உள்ளே இறங்கவும் சரியாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்த மனிதர், நிதானமாகப் பேசுவார். சிலிண்டரைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு கூரைக்கு ரோர்ச் வெளிச்சம் அடித்தார். நட்டுக் கழற்றுகிற சாவி ஒன்று கேட்டு வாங்கி, நொசிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"நீங்க பிடியை இழுத்தா வாயு எங்கால வரும்? பெயின்ற்றுக்குள்ளாலயா?"

சரியில்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை பேசியிருந்த இரண்டு பயணமும் நின்றுபோனது.

அக்கா எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றா. அவனைப் பார்த்து, "நொசில் வேலை நீர்தானே பாத்தனீர்?" என்றா.

"ஓமக்கா. பை சுத்தி மூடித்தான் விட்டனான்."

அவ என் பக்கம் திரும்பினா. "நீர் பெயின்ற் அடிக்கேக்க மூடி இருந்ததோ?"

அவனும் என்னைப் பார்த்தான். நான் தனக்காகப் பேசுவேன் என்ற நம்பிக்கையோடுதான் பார்த்தான்.

"நான் பை ஒண்டும் காணேல்லை அக்கா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் திரும்ப ஒரு சொல்லும் பேசவில்லை. "நாளையில இருந்து வரவேண்டாம்," என்று அவனுக்குச் சொன்னா அக்கா. அவன் தன் சாவிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் போனான். நான் துடைத்து முடித்த குழாயொன்றைத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

நொசிலின் துளைகளை ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துப்புரவாக்கியது நான்தான். இரண்டாம் முறை பரிசோதகர் சரியென்று எழுதினார். அக்கா என்னை மெச்சினா.

ஆறேழு மாதம் கழித்து, அவன் மனைவியின் ஆட்களோடு வெள்ளாங்குளத்தில் இருக்கிறானென்று அறிந்து பஸ் ஏறினேன். வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு ஒன்றை முற்றத்தில் பிரித்துப் போட்டிருந்தான். மனைவி என்னைக் கண்டதும் வாங்கோ என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டா. அவன்தான் கதிரை எடுத்துப் போட்டான்.

"பையைக் கழட்டினது நான்தான்," என்றேன்.

"தெரியும் அண்ணை. பிய்ச்ச பை வாளிக்குள்ள கிடந்ததே. அண்டைக்கே கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அவன் கையைத் துடைத்தான். "முகாமில எது காணாமப் போனாலும் பொலிஸ்காரர் முதல்ல எங்கட வீட்டு வரிசைக்குத்தான் வருவாங்க. நான் இல்லை, நான் இல்லை எண்டு சொல்லியே வளந்தனான். ஊருக்குப் போனா அது இருக்காதெண்டு நினைச்சன். நீங்கள் அப்பிடிச் சொன்ன உடன, இஞ்சையும் தொடங்கிட்டுதெண்டு விளங்கிச்சு. திரும்ப அதையே சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன்தான். அந்தச் சொல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம். தேத்தண்ணி தந்தான். பஸ் வரும்வரை றோட்டில் என்னோடு நின்றான். ஏறும்போது, "அந்தத் தீயணைக்கிற பிடியின்ர கம்பி உப்புக்கு இறுகும் அண்ணை, இடைக்கிடை கிறீஸ் போடுங்கோ," என்றான்.

மறுநாள் காலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடியும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் முன்னாலேயே அவனுக்குப் போன் எடுத்துத் திரும்ப வரச்சொல்லிக் கேட்டா. பம்பு வேலை தனக்குப் போதுமென்று அவன் மரியாதையாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

என்னையும் வேலையிலிருந்து நிற்பாட்டுவா என்றுதான் நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு, "ஆக்கள் வருகினம், எஞ்சினைப் போடும்," என்றா. நான் கீழே இறங்கினேன்.